குழிக்கு ஏற்ற கமோட்: பழைய வீட்டில் கழிப்பறையை மாற்றும்போது

புனேயில் கோத்ரூட், சஹகார்நகர், கர்வேநகர் பக்கம் 1970களிலும் 80களிலும் கட்டிய மூன்று, நான்கு மாடிக் குடியிருப்புகளில் பெரும்பாலும் குளியலறை தனி, கழிப்பறை தனி. கழிப்பறைக்கு ஒதுக்கியது மூன்றடிக்கு நாலடி. அதில் தரையோடு பதித்த இந்தியன் டாய்லெட். ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் தலைமுறைகளாக வாழும் நம் தமிழர்களின் பழைய வீடுகளிலும் இதே அமைப்பைப் பார்க்கலாம். அம்மாவுக்கு முழங்கால் வலி வந்துவிட்டால் "ஒரு வெஸ்டர்ன் போட்டுடலாம்" என்ற பேச்சு தொடங்கிவிடும். முன்பே வெஸ்டர்ன் போட்டவர்கள் வீட்டிலோ கமோடில் கீறல் விட்டிருக்கும், ஃப்ளஷ் டேங்க் நாள் முழுக்க ஒழுகும். அவர்களும் மாற்றியாக வேண்டும்.

இரண்டு வீட்டிலும் வேலை நின்றுபோவது ஒரே இடத்தில். புது கமோட் வந்திறங்கி, பழையதைப் பெயர்த்து எடுத்த பிறகுதான், அதன் வாயும் தரையிலுள்ள குழாயின் வாயும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை என்று தெரிகிறது. வீட்டில் இருக்கும் ஒரே கழிப்பறை திறந்து கிடக்கும். பிளம்பர் சுத்தியலை எடுத்துக்கொண்டு "தரையை உடைச்சிடலாம்" என்பார். அந்த நேரத்தில் யாராலும் நிதானமாக முடிவெடுக்க முடியாது. அதனால் முடிவை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் நோக்கம். குழிக்கு ஏற்ற கமோடைத் தேடுங்கள். கமோடுக்காகக் குழியை நகர்த்துவது கடைசி வழி. மாடி வீட்டில் உங்கள் தரைக்குக் கீழே இன்னொரு குடும்பத்தின் கூரை இருக்கிறது.

எதை அளப்பது

முதலில் கழிவு எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்று பாருங்கள். கமோடின் வாய் கீழ்நோக்கித் தரைக்குள் இறங்கினால் எஸ் டிராப். பின்பக்கமாகச் சுவரை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் பி டிராப். கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வியும் இதுவே. அடுத்த கேள்வி, "பிந்தீபாசூன் கிதீ?" சுவரிலிருந்து எவ்வளவு?

எஸ் டிராப் என்றால் பின்சுவரிலிருந்து குழாயின் நடு மையம் வரை அளக்க வேண்டும். குழாயின் விளிம்பு வரை அளந்துவிட்டால் கணக்கு இரண்டு அங்குலம் தவறிப்போகும். சுவர் என்பது டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரின் முகம். கீழே ஸ்கர்ட்டிங் துருத்திக்கொண்டிருந்தால் அதையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுக் கடைகளில் கிடைக்கும் எஸ் டிராப் கமோடுகள் பெரும்பாலும் மூன்று அளவுகளில் வருகின்றன: சுமார் 100 மி.மீ., 220 முதல் 230 மி.மீ., 300 மி.மீ. பிளம்பர்கள் இவற்றை நாலு இஞ்ச், ஒம்பது இஞ்ச், பன்னெண்டு இஞ்ச் என்பார்கள். பி டிராப் என்றால் சுவரிலிருந்து உள்ள தூரத்தைவிட உயரம்தான் முக்கியம். முடித்த தரையிலிருந்து குழாயின் மையம் வரை 180 மி.மீ. என்பது பொதுவான அளவு.

அமெரிக்காவில் எஸ் டிராப் அளவு 12 அங்குலம் என்றே வேரூன்றிவிட்டது; பழைய வீடுகளுக்காக 10, 14 அங்குல மாடல்களும் விற்கிறார்கள். ஜப்பானில் புது வீடுகளுக்கு 200 மி.மீ. வழக்கம். ஆனால் அங்கே பழைய வீடுகளின் அளவு பலவாறாக இருப்பதால், வெட்டி நீளத்தைச் சரிசெய்துகொள்ளும் குழாய்த்துண்டோடு கூடிய மாடல்களைப் புதுப்பிப்பு வேலைக்கென்றே தயாரிக்கிறார்கள். நம் ஊர்க் கடையில் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. டேப்பைக் கையில் எடுக்க வேண்டியவர் வீட்டுக்காரர்தான்.

பழைய கமோட் உட்கார்ந்திருக்கும்போதே எப்படி அளப்பது? அமெரிக்க வகையில் தரை போல்ட்டுகள் குழாய் மையத்துக்கு இருபுறமும் இருக்கும். போல்ட் வரை அளந்தால் போதும். நம் கமோடுகளில் தரை ஸ்க்ரூக்கள் குழாய்க்கு முன்னால் தள்ளியே இருக்கும். அதை நம்பி அளந்தால் ஏமாந்துபோவோம். பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து, கமோடின் பின்பகுதியில் தரைக்குள் இறங்கும் தடித்த கழுத்தைப் பாருங்கள். சுவரிலிருந்து கழுத்தின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் தனித்தனியாக அளந்து, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் மையம் கிடைக்கும். கழுத்து மறைந்திருக்கும் மாடல் என்றால், உங்கள் வீட்டின் நேர் மேலேயோ கீழேயோ உள்ள வீட்டில் ஏற்கெனவே மாற்றியிருந்தால் கேட்டுப் பாருங்கள். ஒரே குழாய்த்தண்டில் அடுக்கடுக்காக அமைந்த கழிப்பறைகள் என்பதால் அளவு பெரும்பாலும் ஒத்திருக்கும். ஆனாலும் அது ஊகம்தான். கமோடை எடுத்துப் பார்க்கும்வரை புதியதை வாங்காதீர்கள். ஒரு நாள் அடுத்த வீட்டுக் கழிப்பறையைக் கேட்டுப் பயன்படுத்திக்கொள்ளலாம். பெட்டி பிரித்த கமோடைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடைகள் மிகக் குறைவு.

கமோடை மாற்றும்போதே டைல்ஸும் மாற்றுகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய டைல்ஸைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புதியதை ஒட்டுவது இப்போது பரவலாகிவிட்டது. புது டைல்ஸும் பசையும் சேர்ந்து சுவரை 12 முதல் 15 மி.மீ. முன்னால் கொண்டுவந்துவிடும். நேற்று 300 இருந்த இடம் இன்று 285. பன்னெண்டு இஞ்ச் கமோட் இனி அங்கே உட்காராது. டேங்க் சுவரில் முட்டும். பி டிராப்பில் தரை அதே அளவு உயர்ந்து, 180 இருந்த குழாய் 165 ஆகிவிடும். இப்போது கமோடின் வாய் குழாயைவிட மேலே நிற்கிறது. ஆகவே புது டைல்ஸின் கனத்தைக் கழித்துத்தான் அளவைக் குறிக்க வேண்டும்.

கடையில் காகிதத்தில் அச்சிட்ட அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். கமோட் களிமண்ணில் வார்த்துச் சூளையில் சுட்ட பொருள். உலர்ந்து சுட்டு வரும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடுகிறது. ஒவ்வொரு துண்டும் சில மில்லிமீட்டர் கூடவோ குறையவோ இருப்பது அதன் இயல்பு. ரவிவார் பேட்டையின் போஹ்ரி ஆளிக்குப் போனாலும் பெரிய ஷோரூமுக்குப் போனாலும், நீங்கள் வாங்கப்போகும் அதே துண்டைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி டேப் வைத்து அளந்து பாருங்கள்.

பொருந்தாதபோது

இதில் ஒரு எளிய விதி உண்டு. சின்ன அளவுக் கமோட் பெரிய இடைவெளியில் உட்காரும். பெரிய அளவுக் கமோட் சின்ன இடைவெளியில் ஒருபோதும் உட்காராது. சுவரிலிருந்து 300-ல் குழி இருக்கிறது, கிடைத்தது 220 மாடல் என்றால், கமோடுக்குப் பின்னால் 80 மி.மீ. சந்து விழும். அவ்வளவுதான். டேங்கும் கமோடும் ஒட்டியிருக்கும் மாடல்களில் டேங்கைக் கமோடே தாங்கிக்கொள்கிறது. அதைச் சுவர் தாங்க வேண்டியதில்லை. சந்தில் குப்பை சேருமே என்று தோன்றினால், பின்னால் ஒரு சின்னத் திண்டு எழுப்பி மேலே கிரானைட் பலகை வைத்துவிடலாம். சோப்பு, குவளை வைக்க இடமும் ஆயிற்று. கைப்பிடி இல்லாத கழிப்பறையில் வயதானவர் எழும்போது அந்தத் திண்டைப் பிடித்து இழுப்பார் என்பதை மட்டும் மறக்காமல், அதை உறுதியாகக் கட்டுங்கள்.

சிக்கல் எங்கே என்றால், புனேயின் பழைய கழிப்பறைகளில் நீளமே நாலடிதான், அதாவது 1200 மி.மீ. தேசியக் கட்டட விதித்தொகுப்பு கழிப்பறைக்குச் சொல்லும் குறைந்தபட்சப் பரப்பே 1.1 சதுர மீட்டர். சாதாரண கமோட் சுவரிலிருந்து 650 முதல் 700 மி.மீ. நீளும். 680 என்று வைத்தால் முன்னால் 520 மி.மீ. மிஞ்சும். பின்னால் 80 சந்து விட்டால் அது 440. உட்காருகிறவரின் முழங்கால் கதவில் இடிக்கும். கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால், உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால்கூடத் திறக்க முடியாது. இப்படிப்பட்ட வீட்டில் கதவை வெளியே திறக்கும்படி மாற்றி மாட்டுவது தரையை உடைப்பதைவிட மிகச் சின்ன வேலை. முதியோருக்காகவே வெஸ்டர்ன் போடுகிறீர்கள் என்றால் கதவை எப்படியும் மாற்றியே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

குழி சுவருக்கு மிக அருகில், நாலைந்து அங்குலத்தில் இருந்தால்? எஸ் டிராப்பில் 100 மி.மீ. மாடலைத் தேடலாம், கடையில் கையிருப்பு இருக்காது, சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும். அதைவிட எனக்குப் பிடித்த வழி, பி டிராப் கமோடை வாங்கி, அதன் பின்வாயில் கீழ்நோக்கி வளையும் பிளாஸ்டிக் பெண்டை மாட்டித் தரைக்குழாயில் இறக்குவது. பெண்டின் நீளத்தை வெட்டிச் சரிசெய்யலாம் என்பதால் தூரத்தில் கொஞ்சம் சுதந்திரம் கிடைக்கிறது. இணைப்பு முழுவதும் தரைக்கு மேலே கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருப்பதால், நாளைக்கு ஒழுகினாலும் உடனே தெரிந்துவிடும். ஆனால் கமோடையும் அந்தப் பெண்டையும் கடையிலேயே ஒன்றோடொன்று மாட்டிப் பார்த்து, மொத்த நீளத்தை அளந்த பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும்.

ஒன்றிரண்டு அங்குலத்துக்குக் குறைவான வித்தியாசம் என்றால் ஆஃப்செட் கனெக்டர் போதும். 20 அல்லது 40 மி.மீ. தள்ளிக்கொடுக்கும் ரப்பர் உதடு வைத்த துண்டு அது. பி டிராப்பில் டைல்ஸால் வந்த உயர வேறுபாட்டை இது அழகாகச் சரிசெய்துவிடும். எஸ் டிராப்பில் அவ்வளவு சுலபமில்லை: கமோட் தரையோடு ஒட்டி உட்காருவதால் கனெக்டர் முழுவதும் தரைமட்டத்துக்குக் கீழே போக வேண்டும். அதற்குக் குழாய் வாயைச் சுற்றிக் கொஞ்சம் குடைய வேண்டிவரும். மடிப்பு மடிப்பாக இழுத்து நீட்டக்கூடிய ஃப்ளெக்ஸிபிள் கனெக்டரைப் பல பிளம்பர்கள் சிபாரிசு செய்வார்கள். எந்தப் பக்கமும் வளையும், வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நான் அதைக் கழிவுக்குழாயில் பயன்படுத்தச் சொல்ல மாட்டேன். உள்பக்க மடிப்புகளில் கழிவும் காகிதமும் தங்கும். பழைய டேங்குகள் ஒரு தடவைக்கு 10 லிட்டருக்கும் மேல் கொட்டின. இன்றைய இரட்டை ஃப்ளஷ் டேங்க் தருவது 6 லிட்டரும் 3 லிட்டரும். அந்தக் குறைந்த நீரால் மடிப்புகளைக் கழுவித் தள்ள முடியாது. கடக்வாஸ்லாவிலிருந்து வரும் நீர் கோடையில் குறையும் நகரம் இது. அடைப்பைத் தள்ளப் பக்கெட் பக்கெட்டாக ஊற்றவும் முடியாது.

சுவரில் தொங்கும் கமோட் எல்லாத் தூரப் பிரச்சினையையும் தீர்த்துவிடும் என்று ஷோரூமில் சொல்வார்கள். தரைக்குழியைப் பற்றிய கவலை போய், சுவர்ப்பக்கம் குழாய் எங்கே வருகிறது என்ற கவலை வரும். நாலு இஞ்ச் செங்கல் சுவரைக் குடைந்து டேங்கைப் பதிக்கக் கூடாது. தரையில் நிற்கும் இரும்புச் சட்டகம் வைத்து முன்னால் இன்னொரு மெல்லிய சுவர் எழுப்ப வேண்டும். நாலடி அறையில் அதற்கான இடத்தையும் கணக்கிட்ட பிறகு ஆசைப்படுங்கள்.

இந்தியனிலிருந்து வெஸ்டர்னுக்கு

இந்த மாற்றத்தில்தான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. இந்தியன் டாய்லெட்டின் கோப்பையில் டிராப், அதாவது நீர் தங்கி நின்று பூட்டாகும் வளைவு, கிடையாது. தரைக்குள் அதற்குக் கீழே தனியாக ஒரு டிராப் பதித்திருப்பார்கள். வெஸ்டர்ன் கமோடின் உடலிலேயே டிராப் இருக்கிறது. அவசரத்தில் கோப்பையை மட்டும் எடுத்துவிட்டு, கீழேயுள்ள பழைய டிராப்பின் மேலேயே கமோடை உட்கார வைத்துவிடுகிறார்கள். இரண்டு நீர்ப்பூட்டுகளுக்கு நடுவே காற்று சிக்கிக்கொள்ளும். ஃப்ளஷ் செய்தால் தண்ணீர் எழும்பி வந்து மெதுவாக இறங்கும். சில மாதத்தில் கீழ் டிராப் அடைத்துக்கொள்ளும். அதைத் திறக்க வழியும் இருக்காது. எவ்வளவு செலவானாலும் பழைய டிராப்பை எடுத்துவிட்டு நேர்க்குழாயைக் கொண்டுவந்தாக வேண்டும். இதில் சமரசத்துக்கு இடமில்லை.

ஆகவே இந்த வேலையில் தரையை ஓரளவு உடைத்தே ஆக வேண்டும். எப்படியும் உடைப்பதால், குழியை நமக்கு வேண்டிய தூரத்தில் வைத்துக்கொள்ளும் வாய்ப்பும் கிடைக்கிறது. கடையில் எளிதாகக் கிடைக்கும் 220 அல்லது 300-ஐத் தேர்ந்தெடுங்கள். நாளை உங்கள் பிள்ளைகள் மாற்றும்போதும் அதே அளவு கிடைக்கும். உங்கள் அறை நாலடி என்றால் 220.

தரையை உடைத்தே ஆக வேண்டுமென்றால்

முதலில் சொசைட்டி கமிட்டிக்கு எழுத்தில் கொடுத்து அனுமதி வாங்குங்கள். மகாராஷ்டிரத்தின் மாதிரி விதிமுறைகளின்படி வெளிப்பொதுக் குழாய்களின் கசிவைச் சரிசெய்வது சொசைட்டியின் பொறுப்பு. கழிப்பறை, சிங்க் போன்றவற்றால் வீட்டுக்குள் ஏற்படும் கசிவுக்கான செலவு சம்பந்தப்பட்ட வீட்டுக்காரர்களுடையது. 30 வயதைத் தாண்டிய கட்டடத்துக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கட்டுமானத் தணிக்கை செய்ய வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. உங்கள் கட்டடத்துக்கு அந்த அறிக்கை இருந்தால் வாங்கிப் படியுங்கள். கழிப்பறைப் பகுதி ஸ்லாபில் கம்பி துருப்பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தால், பொறியாளரைக் கேட்காமல் ஒரு அடிகூட அடிக்கக் கூடாது.

தரைக்கடியில் என்ன இருக்கிறது என்பதும் கட்டடத்துக்குக் கட்டடம் வேறுபடும். சில வீடுகளில் ஸ்லாபைக் கீழே இறக்கி வார்த்து, அந்தப் பள்ளத்தில் குழாயை ஓட்டி, மேலே செங்கல் ஜல்லிக் கோபா போட்டு மூடியிருப்பார்கள். அங்கே வேலை முழுவதும் உங்கள் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். வேறு சில வீடுகளில் டிராப்பும் குழாயும் ஸ்லாபைத் துளைத்துக் கீழ்வீட்டுக் கழிப்பறையின் கூரையில் தொங்கிக்கொண்டிருக்கும். அங்கே கீழ்வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் எதுவும் நகராது. எந்த வகையாக இருந்தாலும் தொடங்கும் முன்பு கீழ்வீட்டு அம்மாவிடம் போய்ச் சொல்லி, அவர்கள் கூரையை அவர்கள் முன்னிலையிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கறை எது, புதுக் கறை எது என்ற வாக்குவாதமே வராது.

குழாயை நகர்த்தும்போது 90 டிகிரி பெண்ட் இரண்டைப் போடுவதைவிட 45 டிகிரி இரண்டைப் போடச் சொல்லுங்கள். சரிவு 1-க்கு 40, அதாவது மீட்டருக்கு 25 மி.மீ. இருக்கட்டும். பிவிசி குழாய் வாங்கும்போது ஐஎஸ் 13592 முத்திரையும் அதில் 'டைப் பி' என்ற எழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். டைப் ஏ மழைநீருக்கும் காற்றுக்குழாய்க்கும் உரியது. விலை குறைவென்று அதையே கழிவுக்கும் போட்டுவிடுகிறார்கள். குழாய்கள் இறங்கும் டக்ட்டில் நிற்பது பழைய வார்ப்பிரும்புத் தண்டு என்றால், பிவிசியை அதில் செருகிச் சிமெண்டால் பூசாமல், ரப்பர் வளையம் கொண்ட இணைப்பான் வைக்க வேண்டும். அதே டக்ட்டில் குடிநீர்க் குழாயும் இறங்கும் கட்டடங்கள் உண்டு. 2025 ஜனவரியில் சிங்ஹகட் சாலைப் பகுதியில் கியாம்-பாரே நோய் பரவியபோது அசுத்தமான தண்ணீர்மேல்தான் சந்தேகம் விழுந்தது. கழிவுக்குழாய் இணைப்பு ஒழுகுவதை இந்த நகரத்தில் யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

குழாய் பதித்ததும் நீர்த்தடுப்புப் பூச்சு. அது உலர்ந்ததும் குழாய் வாயை அடைத்துத் தண்ணீர் தேக்கி, குறைந்தது ஒரு முழு நாள், முடிந்தால் இரண்டு நாள் விட்டு, கீழ்க்கூரையைப் பார்க்க வேண்டும். மிஸ்திரி அவசரப்படுத்துவார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

எடுப்பதும் வைப்பதும்

பழைய கமோடைச் சம்மட்டியால் அடித்து உடைக்கும் வழக்கம் இருக்கிறது. அதிர்ச்சியில் கீழேயுள்ள வார்ப்பிரும்புக் குழாயின் கழுத்து விரிசல் விட்டுவிடும். ஆங்கிள் வால்வை மூடி, டேங்கைக் கழற்றி, அடிச் சிமெண்டை மெல்லிய பிளேடால் சுற்றி அறுத்துவிட்டு அசைத்துத் தூக்க வேண்டும். தூக்கிய நொடியே குழாய் வாயில் பெரிய துணியைத் திணித்து, அதன் நுனியை வெளியே விட்டுக் கட்டிவையுங்கள். ஒரு துண்டுச் செங்கல் உள்ளே விழுந்தால் அந்தத் தண்டில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் அடைப்பு. கறை போக ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைப் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் எழும் குளோரின் வாயு இந்தச் சின்ன அறையில் மூச்சை அடைத்துவிடும்.

புதியதை வைக்கும்போது வாயில் ரப்பர் காலர், அடியில் ஸ்க்ரூ, விளிம்பில் சிலிகான். கமோடைச் சிமெண்டில் புதைக்கச் சொல்லாதீர்கள். சிமெண்டின் இறுக்கத்தில் பீங்கான் கீறும். அடுத்த தடவை மாற்றும்போது உடைக்காமல் எடுக்கவும் முடியாது. சிலிகானையும் முழுச் சுற்றாக மூடாமல் பின்பக்கம் இரண்டு விரல் அகலம் விட்டுவையுங்கள். உள்ளே காலர் ஒழுகினால் தண்ணீர் அந்த வழியாக வெளியே வந்து சொல்லிவிடும். மூடிவிட்டால் அது கீழ்வீட்டுக் கூரை வழியாகத்தான் தெரியவரும்.

சிலிகான் காய ஒரு நாள் விட்டு, காகிதத்தைப் போட்டுப் பத்து தடவையாவது தொடர்ந்து ஃப்ளஷ் செய்து பாருங்கள். காகிதம் ஒரே தடவையில் போக வேண்டும். பக்கத்துக் குளியலறைத் தரையில் நீர் வடியும் நஹானி டிராப்பில் குபுகுபு சத்தம் வரக் கூடாது. வந்தால் காற்றோட்டக் குழாயிலோ சரிவிலோ குறை இருக்கிறது என்று அர்த்தம்.

உடைந்த பீங்கானையும் ஜல்லியையும் தினமும் குப்பை வாங்க வாசலுக்கு வரும் ஸ்வச்ச் தொழிலாளியின் வண்டியில் போட்டுவிடாதீர்கள். அவர்கள் குப்பையைக் கையால் பிரிக்கிறவர்கள், பீங்கான் முனை கத்தியாகக் கிழிக்கும். கட்டட இடிபாட்டைத் தனி மூட்டையாகக் கட்டி, மாநகராட்சி ஏற்பாட்டிலோ சொசைட்டி சொல்லும் வண்டியிலோதான் அனுப்ப வேண்டும். அந்தச் செலவையும் பிளம்பரிடம் கூலி பேசும்போதே சேர்த்துப் பேசிவிடுங்கள். கூலியின் கடைசிப் பங்கை, வேலை முடிந்து ஒரு வாரம் கழித்துக் கீழ்க்கூரை காய்ந்திருப்பதைப் பார்த்தபிறகு தருவதாகவும் அப்போதே ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்.